ஜெர்மன் வகுப்பில் ஓபரா வீடியோ: பாட்டைக் கடைசியில் போடுங்கள்

ஜெர்மன் சொல்லிக்கொடுப்பவர்களில் பலர் ஒருமுறையாவது ஓபரா (மேற்கத்திய இசை நாடகம்) வீடியோ ஒன்றை வகுப்பில் போட்டுப் பார்த்திருப்பார்கள். பெரும்பாலும் நடப்பது இதுதான். புரொஜெக்டரை மாட்டி, யூடியூபில் அதிகம் பேர் பார்த்த பாட்டு ஒன்றை ஓடவிடுவார்கள். முதல் நிமிஷம் சிரிப்பு. இரண்டாவது நிமிஷம் அமைதி. மூன்றாவது நிமிஷம் கடைசி வரிசையில் ஃபோன் வெளியே வந்துவிடும். முடிந்ததும் "என்ன புரிந்தது?" என்று கேட்டால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

பாடுவதைக் கேட்டுப் புரிந்துகொள்வதைப் போலக் கடினமான பயிற்சி மொழி வகுப்பில் வேறு இல்லை. ஜெர்மனியின் பல அரங்குகளில் ஜெர்மன் ஓபராவுக்கே மேடைக்கு மேலே ஜெர்மன் எழுத்து ஓடுகிறது. அந்த ஊர்க்காரருக்கே எழுத்துத் துணை வேண்டியிருக்கிற ஒன்றை, ஏ2 மாணவருக்கு (மொழித் தேர்ச்சி ஏ1, ஏ2, பி1, பி2 என்று ஏறிக்கொண்டே போகும்; ஏ2 இரண்டாம் படி) முதல் வேலையாகக் கொடுத்தால் வேறென்ன நடக்கும்? அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே வரிசையில் போகிறது: முதலில் படம், அப்புறம் வசனம், அப்புறம் பாட்டின் வரிகள் உரைநடையாக, எல்லாம் முடிந்த பிறகே பாட்டு.

உதாரணத்துக்கு ஒரே ஒரு ஓபரா: மொசார்ட்டின் 'டி ட்ஸௌபர்ஃப்ளோட்டே', அதாவது 'மந்திரப் புல்லாங்குழல்'. இதில் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே பேச்சு வசனம் வருகிறது. சங்கரதாஸ் சுவாமிகள் நாடகம் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு புதிதல்ல. மொழி வகுப்புக்கு அந்த வசனம்தான் முக்கியம். வசனமே இல்லாமல் முழுக்க இசையாக ஓடும் வாக்னர் ஓபராவை எடுத்துக்கொண்டு தொடங்காதீர்கள்.

1. இலக்கணம் முதலில், காட்சி பிறகு

"எனக்குப் பிடித்த காட்சி, அதை எப்படியாவது வகுப்பில் போடவேண்டும்" என்று தொடங்கினால் பாடம் இழுபறியாகத்தான் போகும். இந்த வாரம் எதை நடத்துகிறீர்களோ அதற்கு ஏற்ற காட்சியைத் தேடுங்கள். ஒரு வகுப்புக்கு ஒரு இலக்கணம், ஒரு காட்சி.

ஏ1 என்றால் இளவரசன் டமினோவும் பறவை பிடிப்பவன் பாப்பாகேனோவும் முதன்முதலில் சந்திக்கும் வசனம். நீ யார், எப்படிப் பிழைக்கிறாய், இது என்ன ஊர், யார் ஆள்வது என்று கேள்வியும் பதிலுமாகவே போகும்.

ஏ2-வில் நடந்து முடிந்ததைச் சொல்லும் பெர்ஃபெக்ட் காலம் நடத்துகிறீர்களா? அதே பகுதியின் கதை போதும். பாம்பு துரத்துகிறது, டமினோ மயங்கி விழுகிறான், மூன்று பெண்கள் வந்து பாம்பைக் கொல்கிறார்கள், "நான்தான் கொன்றேன்" என்று பாப்பாகேனோ புளுகுகிறான். தண்டனையாக அவனுக்கு மதுவுக்குப் பதில் தண்ணீர், இனிப்பு ரொட்டிக்குப் பதில் கல், கூடவே வாய்க்குப் பூட்டு. யார் என்ன செய்தார், யாருக்கு என்ன கிடைத்தது என்று பத்து வாக்கியம் தாராளமாக வரும்.

பி1-இல் கொன்யுங்டிவ் இரண்டு, அதாவது நடக்காததை நடந்ததுபோல் நினைத்துச் சொல்லும் வினை வடிவம். அதற்கு டமினோ, இரவு ராணியின் மகள் பாமினாவின் உருவப்படத்தைப் பார்த்துப் பாடும் பாட்டு. கீழே இதைத்தான் விரிவாக எடுத்துக்கொள்கிறேன். நம் மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடமும் இதுதான்.

2. வீடியோ ஜெர்மனில்தான் இருக்கிறதா என்று பாருங்கள்

வேடிக்கையாகத் தோன்றலாம், ஆனால் இந்த ஓபராவின் பிரபலமான பல வீடியோக்கள் ஜெர்மனில் இல்லை. இங்மார் பெர்க்மன் 1975-இல் எடுத்த படம் ஸ்வீடிஷ் மொழியில் இருக்கிறது. கென்னத் பிரானா 2006-இல் எடுத்தது ஆங்கிலம். நியூயார்க் மெட்ரோபாலிடன் ஓபராவின் ஜூலி டேமோர் மேடையாக்கத்துக்கு இரண்டு வடிவம் உண்டு: குழந்தைகளுக்காகச் சுருக்கியது ஆங்கிலத்தில், முழு நீளம் ஜெர்மனில். அட்டைப்படம் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

ஜெர்மன் என்று தெரிந்தாலும் இன்னொரு சோதனை உண்டு: வசனம் இருக்கிறதா? பெர்லின் கோமிஷ ஓபர் அரங்கு 2012-இல் போட்ட பேரி காஸ்கியின் மேடையாக்கம் அனிமேஷனோடு பிரமாதமாக இருக்கும். ஆனால் அதில் பேச்சு வசனத்தை எடுத்துவிட்டு, ஊமைப்படம் மாதிரி எழுத்துப் பலகை காட்டுகிறார்கள். வாசிப்புப் பயிற்சிக்கு நல்லது. கேட்டல் பயிற்சிக்கு உதவாது.

ஜெர்மனில், வசனத்தோடு, வகுப்புக்குத் தோதாகக் கிடைப்பவை: லண்டன் ராயல் ஓபரா ஹவுஸில் டேவிட் மெக்விகர் இயக்கி 2003-இல் பதிவானது, டேவிட் ஹாக்னியின் மேடை ஓவியங்களோடு மெட்ரோபாலிடனில் 1991-இல் பதிவானது, மியூனிக்கில் ஆகுஸ்ட் எவர்டிங் இயக்கி 1983-இல் பதிவானது. மூன்றும் டிவிடியாக வந்தவை. முதல் முறை செய்பவர்களுக்கு மெக்விகருடையதைச் சொல்வேன். முகபாவம் நன்றாகத் தெரியும், நடிப்பும் இன்றைய கண்ணுக்கு அந்நியமாக இருக்காது.

இணையத்தில் ஓபராவிஷன் தளம் முழு ஓபராக்களை இலவசமாகத் தருகிறது, பாடும் மொழியிலேயே சப்டைட்டிலும் போடுகிறது. ஆனால் ஒவ்வொன்றும் குறிப்பிட்ட காலத்துக்குத்தான் இருக்கும், பிறகு எடுத்துவிடுவார்கள். போன பருவத்தில் பார்த்த வீடியோவை நம்பி இந்தப் பருவத்துக்கு வினாத்தாள் தயாரித்துவிட்டு, வகுப்பன்று காலையில் தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

3. நான்கு நிமிஷம் போதும்

முழு ஓபரா இரண்டரை மணி நேரத்துக்கு மேல். உங்களுக்கு வேண்டியது இரண்டு நிமிஷ வசனமும் நான்கு நிமிஷப் பாட்டும். தொடங்கும் இடம், முடியும் இடம் இரண்டையும் நிமிஷம் நொடியோடு குறித்துக்கொள்ளுங்கள்.

எதை எடுப்பது என்பதற்கு ஒரு எளிய விதி: குரல் தாழ்வாக இருக்க இருக்கச் சொல் தெளிவாக இருக்கும். புதிதாகச் செய்பவர்கள் முதலில் எடுப்பது இரவு ராணியின் பழிவாங்கும் பாட்டு, ஏனென்றால் அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதன் உச்ச ஸ்வரம் சுமார் 1,400 ஹெர்ட்ஸ். ஆ, ஈ, ஊ என்று உயிர் ஒலிகளைக் காது பிரித்தறிய முதலில் உதவும் ஒத்ததிர்வு அதற்கு வெகு கீழே, ஏறக்குறைய 300 முதல் 1,000 ஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது. குரல் அதைத் தாண்டிப் போய்விட்டால் எந்த உயிரைப் பாடினாலும் ஒன்றுபோலத்தான் கேட்கும். பாடகி எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும் இதை மாற்ற முடியாது. டமினோ டெனர் (உயர்ந்த ஆண் குரல்), பாப்பாகேனோ பாரிட்டோன் (நடுத்தரக் குரல்), கோயில் தலைவர் ஸாராஸ்ட்ரோ பாஸ் (தாழ்ந்த குரல்). இந்த மூவரிடமிருந்து எடுங்கள்.

நான்கைந்து பேர் சேர்ந்து பாடும் பகுதிகளையும் விட்டுவிடுங்கள். ஒரே நேரத்தில் வெவ்வேறு சொற்கள் ஓடினால் எழுதி வைத்துக்கொண்டு கேட்டாலும் பின்தொடர முடியாது. விதிவிலக்கு ஒன்று உண்டு: வாய்ப்பூட்டோடு பாப்பாகேனோ "ம் ம் ம்" என்று முனகும் இடம். அவன் என்ன சொல்ல வருகிறான் என்று மாணவர்களையே ஜெர்மனில் சொல்லச் சொல்லலாம்.

உள்ளடக்கத்தையும் பார்த்துவிடுங்கள். ஸாராஸ்ட்ரோவின் வேலைக்காரன் மோனோஸ்டாட்டோஸின் பாட்டில் கறுப்பு நிறத்தை அசிங்கம் என்று சொல்லும் வரி இருக்கிறது. பெண்கள் வாயாடிகள், வேலை செய்யாதவர்கள் என்கிற வசனமும் உண்டு. பல மேடையாக்கங்கள் இவற்றை மாற்றிவிடுகின்றன, சில அப்படியே வைத்திருக்கின்றன. நிறத்தைச் சொல்லிக் காயப்படாத ஆள் நம் வகுப்பில் குறைவு. விவாதிக்க நேரமும் மொழித் தேர்ச்சியும் இருக்கும் பி2 வகுப்பு என்றால் எடுக்கலாம், ஏ2-வில் வேண்டாம். அதேபோல் கடைசிப் பகுதியில் பாப்பாகேனோ தூக்கு மாட்டிக்கொள்ளப் போகிறான். அதற்கு அடுத்து வரும் "பா-பா-பா" பாட்டு வகுப்புக்கு அருமையானது. ஆனால் தொடங்கும் இடத்தைக் கவனமாகக் குறிக்காவிட்டால் கயிற்றிலிருந்து ஆரம்பிக்கும்.

4. வீடியோவைக் கேட்டு நீங்களே எழுதுங்கள்

பாட்டின் எழுத்து வடிவம் இணையத்தில் தாராளமாகக் கிடைக்கிறது. ஸால்ஸ்பர்க் மொஸார்ட்டெயும் அமைப்பு மொசார்ட்டின் படைப்புகளையே இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. அதை அப்படியே அச்சடித்து மாணவர் கையில் கொடுத்துவிடாதீர்கள்.

காரணம், வசனத்தை மேடையில் முழுதாகப் பேசுவது அபூர்வம். வெட்டுவார்கள், நடிகர் தன் பங்குக்கு ஒரு நகைச்சுவை சேர்ப்பார், பழைய சொல்லுக்குப் புதுச் சொல் போடுவார். தாளில் இருக்கும் வரி காதில் விழவில்லை என்றால் மாணவர் வீடியோவைச் சந்தேகப்பட மாட்டார், தன் காதைத்தான் சந்தேகப்படுவார். ஒருமுறை அப்படி நம்பிக்கை போய்விட்டால் மிச்ச வகுப்பு முழுவதும் தாளையே பார்த்துக்கொண்டிருப்பார்.

எனவே கிடைத்த எழுத்தை எடுத்துக்கொண்டு, பேனாவோடு உட்கார்ந்து, வீடியோவில் உண்மையில் வருவதை மட்டும் வைத்துத் திருத்துங்கள். பாட்டில் ஒரே வரி பல தடவை திரும்பும். எங்கே திரும்புகிறது என்று ஓரத்தில் குறியுங்கள், இல்லாவிட்டால் மாணவர்கள் அடுத்த வரிக்குத் தாவிவிட்டு இடம் தெரியாமல் நிற்பார்கள். ஆறு நிமிஷ வீடியோவுக்கு இந்த வேலை ஒரு மாலை முழுவதையும் எடுத்துக்கொள்ளும். ஆனால் ஒருமுறை செய்துவிட்டால் வருஷக்கணக்கில் ஓடும்.

5. சொற்களை மூன்று கூறாக்குங்கள்

1791-ஆம் ஆண்டு ஜெர்மன் இது. எல்லாச் சொல்லையும் கற்றுக்கொடுத்தால் மாணவர் பெர்லினில் போய் இறங்கி ராஜா காலத்து மொழி பேசுவார்.

முதல் கூறு, இன்றும் தினமும் பயன்படுவது: ஃப்யூலன் (உணர்தல்), ஃபிண்டன் (கண்டுபிடித்தல்), பிரென்னன் (எரிதல்), நென்னன் (பெயர் சொல்லுதல்), ஹெர்ட்ஸ் (இதயம்). இதை எழுதவும் பேசவும் வைக்கலாம். இரண்டாவது கூறு, புரிந்தால் போதும், பயன்படுத்த வேண்டாம்: உருவப்படத்துக்கு வரும் 'பில்ட்னிஸ்', உணர்ச்சிக்கு வரும் 'ரேகுங்' போன்றவை. தாளிலேயே பக்கத்தில் அர்த்தத்தை எழுதிக் கொடுத்துவிடுங்கள். மூன்றாவது கூறு, வாயில் வரக்கூடாதது. பெண்ணைக் குறிக்கும் 'வைப்' அந்தக் காலத்தில் சாதாரணச் சொல், இன்று ஒருவரைப் பார்த்துச் சொன்னால் வசை. நர்ஸ் வேலைக்காகப் படிக்கும் மாணவி இதை ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு நொடி நினைத்துப் பாருங்கள்.

முதல் கூறில் எட்டுச் சொல்லுக்கு மேல் வேண்டாம். ஆர்வக்கோளாறில் முப்பது சொல் பட்டியல் போட்டால் வகுப்பு நேரம் அதிலேயே தீர்ந்துவிடும், வீடியோவுக்கு வரவே மாட்டீர்கள்.

6. அறையும் கருவிகளும்

லேப்டாப்பின் ஸ்பீக்கர் போதாது. வாத்தியங்களுக்கு நடுவே மெய்யெழுத்துகள் கரைந்துவிடும். தனியாக ஒரு ஸ்பீக்கர் கொண்டுபோங்கள், கடைசி வரிசையில் போய் நின்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

டிவிடி இருந்தால் நல்லது. இணையத்திலிருந்து நேரடியாக ஓட்டுவதானால் விளம்பரம் எங்கே குறுக்கிடுகிறது என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள். உருக்கமான இடத்தில் சமையல் எண்ணெய் விளம்பரம் வந்தால் வகுப்பைத் திரும்பப் பிடிக்க முடியாது. விஎல்சி ப்ளேயரில் ஒரு பகுதியை மட்டும் சுழற்சியாக ஓட்டும் வசதி இருக்கிறது, வேகத்தைக் குறைக்கவும் முடியும். வசனத்துக்கு வேகத்தைக் குறைக்கலாம். பாட்டுக்குக் குறைக்காதீர்கள், ஏற்கெனவே இழுத்துத்தான் பாடுகிறார்கள்.

சப்டைட்டில்தான் அடிக்கடி காலை வாரும். ஆங்கில சப்டைட்டில் திரையில் இருந்தால் கண் அங்கேதான் போகும், காது வேலை செய்யாது. அணைக்க முடிந்தால் அணையுங்கள். வீடியோவோடு ஒட்டியே வந்திருந்தால் சுவரில் திரையின் அடிப்பகுதியை மறைத்து ஒரு சார்ட் பேப்பரை ஒட்டிவிடுங்கள். வெள்ளைத் தாள் ஒட்டினால் எழுத்து அதன்மேலேயே விழுந்து இன்னும் நன்றாகத் தெரியும், எனவே கறுப்புத் தாள்.

மொசார்ட்டின் இசைக்கு இன்று காப்புரிமை இல்லை, ஆனால் அந்த வீடியோ பதிவுக்கு உண்டு. வகுப்பில் போட்டுக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெட்டி எடுத்து வாட்ஸ்அப் குழுவில் சுற்றவிட வேண்டாம்.

7. வகுப்பில் முதல் படி: சத்தமில்லாமல் படம்

இசையைப் பற்றியோ மொசார்ட்டின் வாழ்க்கையைப் பற்றியோ முன்னுரை வேண்டாம். பதினைந்து நிமிஷ முன்னுரை தமிழிலோ ஆங்கிலத்திலோதான் நடக்கும், மாணவர் ஜெர்மனில் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்.

மூன்று பெண்கள் டமினோவிடம் படத்தைக் கொடுக்கும் இடத்திலிருந்து சத்தத்தை அணைத்துவிட்டு இரண்டு நிமிஷம் ஓட்டுங்கள். மூன்று கேள்வி போதும். யார் யார் இருக்கிறார்கள்? கையில் என்ன இருக்கிறது? அவன் முகம் எப்படி மாறுகிறது? பதில் ஜெர்மனில், தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, இப்போது திருத்தாதீர்கள்.

இதற்குக் காரணம் உண்டு. ஓபரா பாணிக் குரலை முதன்முதலில் கேட்பவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் தப்பில்லை, ஆனால் கதை தெரிவதற்கு முன்னால் குரல் வந்தால் குரல் மட்டுமே மனதில் நிற்கும். கதையைக் கண் பிடித்துக்கொண்டுவிட்டால், பின்னால் குரல் வரும்போது "இவன் ஏன் கத்துகிறான்" என்கிற கேள்வியே எழாது.

8. இரண்டாவது படி: வசனம்

இப்போது சத்தத்தோடு வசனம் மட்டும். ஏ1, ஏ2 வகுப்பில் இதோடு நிறுத்திக்கொண்டாலும் நல்ல பாடம்தான்.

டமினோ பாப்பாகேனோவின் கையைப் பிடித்து "ஹே டா!" என்பான். பாப்பாகேனோ "வாஸ் டா!" என்பான். வகுப்பு சிரித்து உருளும், தடுக்காதீர்கள். அடுத்த வகுப்பில் யாராவது ஒருவர் வராந்தாவில் இதைச் சொல்லிக்கொண்டே வருவார். அதற்கு அடுத்து "நீ யார்?" என்று கேட்டதும் "இதென்ன முட்டாள்தனமான கேள்வி! உன்னைப்போல ஒரு மனுஷன்" என்கிறான் பாப்பாகேனோ. "எதை வைத்து வாழ்கிறாய்?" என்றால் "சாப்பாடும் குடியும்தான், எல்லா மனுஷரையும்போல." எல்லாம் சின்னச் சின்ன வாக்கியம், ஏ1 மாணவருக்குக் காதில் விழும், விழுந்தது புரியும்.

இருவர் இருவராகப் பிரித்துப் பேச வையுங்கள். முதலில் வீடியோவில் உள்ளபடி 'டு' போட்டு. பிறகு அதே பேச்சை முன்பின் தெரியாத இருவர் இன்று ரயிலில் பேசுவதுபோல் 'ஸீ' போட்டு மாற்றச் சொல்லுங்கள். நீ-நீங்கள் வித்தியாசம் நம்மவர்களுக்கு ரத்தத்தில் இருப்பதால் எப்போது எது என்பதில் குழப்பம் வராது. வினை முடிவை மாற்றுவதில்தான் சறுக்குவார்கள், அதற்குத்தான் இந்தப் பயிற்சி.

9. மூன்றாவது படி: பாட்டை உரைநடையாகப் படியுங்கள்

பி1 வகுப்புக்கு வருவோம். டமினோவின் பாட்டுக்கு முன்னால் அதன் வரிகளைத் தாளில் கொடுங்கள். இன்னும் பாட்டைப் போடவில்லை, கவனியுங்கள்.

ஏன் இந்தப் பாட்டு? தமிழில் "வந்தால் பார்ப்பேன்" என்பதும் "சிறகு இருந்தால் பறப்பேன்" என்பதும் ஒரே வடிவம். முதலாவது நடக்கக்கூடியது, இரண்டாவது நடக்காதது, ஆனாலும் '-ஆல்' ஒன்றே இரண்டுக்கும் போதும். ஜெர்மனில் வினை வடிவமே மாறவேண்டும். இந்த இடத்தில் நம் மாணவர்கள் சாதாரண நிகழ்காலத்தைப் போட்டுவிட்டு, கேட்பவர் ஏன் அதை நிஜமான திட்டமாக எடுத்துக்கொள்கிறார் என்று புரியாமல் விழிப்பார்கள். டமினோ கையில் இருப்பது வெறும் படம். அந்தப் பெண் எங்கே இருக்கிறாள் என்றுகூட அவனுக்குத் தெரியாது. நடக்காததை ஆசைப்படுகிறான் என்பது விளக்காமலே தெரிகிறது. முதல் படியில் அதைக் கண்ணால் பார்த்தாயிற்று.

"ஓ வென் இஷ் ஸீ நூர் ஃபிண்டன் கோன்டே!" என்கிறான். "அவளை மட்டும் கண்டுபிடிக்க முடிந்தால்!" நம் பேச்சில் வரும் 'மட்டும்' எங்கே உட்காருகிறதோ அங்கே ஜெர்மனில் 'நூர்' உட்காருகிறது, வாக்கியமும் அதேபோல் பாதியில் தொங்குகிறது. இதைக் காட்டினால் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். பாட்டின் பிற்பாதியில் கோன்டே, ஷ்டெண்டே, வ்யுர்டே, வேரே நான்கும் வருகின்றன. அடிக்கோடு போடச் சொல்லுங்கள்.

அப்புறம் பாட்டுக்காக ஒடித்த சொற்களைச் சரிசெய்யும் வேலை: 'கேஸேன்' என்று சுருங்கியதை 'கேஸேஹன்' ஆக்குவது, 'ஃப்யூல் இஷ்ஸ்' என்று ஒட்டிக்கிடப்பதைப் பிரிப்பது. பறவை பிடிப்பவன் பாட்டை எடுப்பவர்களுக்கு இன்னும் நல்ல இடம் ஒன்று உண்டு. அங்கே 'வென்' வாக்கியத்தில் வினை கடைசிக்குப் போகாமல் 'மைன்' என்ற சொல்லுக்கு முன்னாலேயே நின்றுவிடும். வினையைக் கடைசியில் வைப்பது தமிழருக்குக் கைவந்த கலை, அதனால் "சார், இது தப்பு" என்று மாணவரே கண்டுபிடிப்பார். எதுகைக்காக வளைத்தது என்று சொல்லி, சரியான வரிசையில் எழுதச் சொல்லுங்கள்.

10. நான்காவது படி: இப்போது பாட்டு

மூன்று முறை கேட்டால் போதும். நான்காவது முறை கேட்க வைத்தால் அலுப்புத்தான் மிஞ்சும்.

முதல் முறை, தாள் கவிழ்ந்திருக்கட்டும். 'வ்யுர்டே' காதில் விழும்போதெல்லாம் கை தூக்க வேண்டும். அவ்வளவுதான்.

இரண்டாவது முறை, கோடிட்ட இடம் நிரப்பும் தாள். வரியின் கடைசிச் சொற்களை எடுத்துவிட்டுக் கொடுங்கள், எதுகையை வைத்து முன்கூட்டியே ஊகிக்கலாம். ஆனால் எந்த எதுகை என்பதில் எச்சரிக்கை வேண்டும். நென்னன்-பிரென்னன், ஸைன்-அல்லைன், என்ட்ஸ்யுக்கன்-ட்ர்யுக்கன் இவை சுத்தமான எதுகைகள். ஷோன்-கேஸேன், பில்ட்-ஃப்யுல்ட் என்பவை அப்படி அல்ல. இதழ் குவித்துச் சொல்லும் உயிரையும் குவிக்காமல் சொல்லும் உயிரையும் கவிஞர் எதுகையாக்கியிருக்கிறார், ஜெர்மன் செய்யுளில் இதற்கு அனுமதி உண்டு. நம் மாணவர்கள் ஏற்கெனவே 'ஷோன்' என்பதை 'ஷேன்' என்று சொல்பவர்கள். இந்த எதுகையைப் பயிற்சியாகக் கொடுத்தால் அந்தத் தப்புக்கு நாமே முத்திரை குத்தியதாகிவிடும்.

மூன்றாவது முறைக்குத்தான் இத்தனை ஏற்பாடும். பாட்டின் பின்பகுதியில் டமினோ "நான் என்ன செய்வேன்?" என்கிற தொனியில் "வாஸ் வ்யுர்டே இஷ்?" என்று தன்னையே கேட்டுக்கொள்வான். உடனே இசை முழுவதும் நின்றுவிடும். ஒரு தாளக்கட்டு அளவுக்கு மௌனம். வீடியோவை அங்கே நிறுத்துங்கள்.

நிறுத்திவிட்டு வகுப்பைப் பாருங்கள். பதிலை மாணவர்கள் முடிக்க வேண்டும்: "இஷ் வ்யுர்டே..." என்று தொடங்கி, வினையைக் கடைசியில் வைத்து. "அவளுக்கு ஃபோன் பண்ணுவேன்," "அவள் அம்மாவிடம் பேசுவேன்," "முதலில் ஜாதகம் பார்ப்பேன்" என்று எல்லாம் வரும். எல்லோரும் ஒரு வாக்கியமாவது சொன்ன பிறகு ஓடவிடுங்கள். டமினோவின் வாக்கியத்திலும் 'ட்ர்யுக்கன்' என்கிற வினை கடைசிவரை காத்திருந்து வருவதைக் கேட்பார்கள். நிறுத்தும் நொடியை முன்கூட்டியே பழகிக்கொள்ளுங்கள். அரை நொடி தாமதித்தால் பதில் வந்துவிடும்.

பாட வைக்கலாமா என்று கேட்பார்கள். டமினோவின் பாட்டை வேண்டாம், பயிற்சி பெற்ற டெனருக்கே அது சவால். தாளத்தோடு சேர்ந்து வாசிக்கலாம். பறவை பிடிப்பவன் பாட்டு வேறு. வரிகளுக்கு நடுவே அவன் ஐந்து ஸ்வரம் ஊதுவான். ஒரு பாதி வகுப்பு வரியைச் சொல்ல, மறுபாதி அந்த ஐந்து ஸ்வரத்தை விசிலடித்தால் கூச்சம் போய்விடும். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்பே சொல்லி வைப்பது நல்லது.

11. உச்சரிப்புக்கு எதை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது

ஓபராவில் 'ர' நாக்கு நுனியில் உருளும். இன்றைய பேச்சு ஜெர்மனில் அது தொண்டையில் பிறக்கிறது, அசையின் கடைசியில் வந்தால் 'அ' மாதிரி தேய்ந்துவிடுகிறது. நமக்கு நுனிநாக்கு 'ர' இயல்பாக வருவதால் மாணவர்கள் "பார்த்தீர்களா, நாங்கள் சொல்வதுதான் சரி" என்று மகிழ்ந்துபோவார்கள். மேடைக்கு அது, தேர்வுக்கும் தெருவுக்கும் இது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

குறில் நெடிலும் பாட்டிலிருந்து கற்கக்கூடாது. ஜெர்மனில் 'ஷ்டட்' என்றால் நகரம், 'ஷ்டாட்' என்றால் அரசு. இந்த வித்தியாசம் தமிழ்க் காதுக்கு மிக எளிது, ஆங்கிலக்காரரைவிட நாம் இதில் கெட்டி. ஆனால் பாட்டில் ஸ்வரம் நீண்டால் குறிலும் நீளும். இருக்கிற பலத்தைப் பாட்டு குலைத்துவிடும்.

எடுத்துக்கொள்ள வேண்டியது இதழ் குவியும் உயிர்களை. 'ஃப்யூலன்', 'ஷோன்' இவற்றின் உயிர் தமிழில் இல்லை, எழுத்தும் இல்லை. பேச்சில் அது கண் சிமிட்டும் நேரத்தில் போய்விடும். பாட்டில் இரண்டு நொடி நிற்கும், கேமராவும் முகத்துக்கு அருகில் இருக்கும். அங்கே வீடியோவை நிறுத்தி, பாடகரின் உதட்டைப் பார்த்து, அதேபோல் குவித்துக்கொண்டு 'ஃப்யூலன்' உயிருக்கு 'ஈ'யும் 'ஷோன்' உயிருக்கு 'ஏ'யும் சொல்லச் சொல்லுங்கள். ஃபோன் கேமராவில் தன் உதட்டைத் தானே பார்த்துக்கொண்டால் இன்னும் சீக்கிரம் வரும்.

12. அடுத்த வகுப்பில்

அன்றைக்கே தேர்வு வைக்காதீர்கள், எல்லாம் தெரிந்ததுபோல்தான் இருக்கும். அடுத்த வகுப்பின் தொடக்கத்தில் அதே காட்சியைச் சத்தமில்லாமல் ஓட்டி, மாணவர்களையே குரல் கொடுக்கச் சொல்லுங்கள். தாள் கிடையாது. எது வாயில் வருகிறதோ அதுதான் தங்கியது.

வீட்டு வேலைக்கு ஐந்து 'வ்யுர்டே' வாக்கியம், தங்கள் வாழ்க்கையைப் பற்றி, ஒரு நிமிஷக் குரல் பதிவாக. பாப்பாகேனோ, டமினோ பெயர் வரக்கூடாது என்று சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பாதிப் பேர் பாட்டு வரியையே திருப்பிச் சொல்லி அனுப்புவார்கள்.

13. வேறு மொழி நடத்துபவர்களுக்கு

இத்தாலியனுக்கு மொசார்ட்டின் 'லே நோட்ஸே டி ஃபிகரோ'வின் முதல் காட்சி. கட்டில் வைக்க இடம் அளந்துகொண்டே ஃபிகரோ 5, 10, 20, 30, 36, 43 என்று எண்ணிப் பாடுவான். எண்கள் நடத்தும் முதல் வாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான காட்சி கிடைப்பது கஷ்டம்.

பிரெஞ்சுக்கு பிஸேயின் 'கார்மென்'. 1875-இல் மேடையேறியபோது அதில் பேச்சு வசனம் இருந்தது. பிறகு எர்னெஸ்ட் கிரோ அந்த வசனங்களைப் பாடும் வடிவமாக மாற்றி எழுதினார். இரண்டு வடிவமும் வீடியோவாகக் கிடைக்கும். வாங்குவதற்கு முன் வசன வடிவமா என்று பார்த்து வாங்குங்கள்.